புழுதி விதைப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். திருப்பூருக்கு வேலைக்குப் போன என் தம்பி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அம்மாவும் நானும் அவனுக்காகச் செபமாலை சொல்லாத நாள் இல்லை. வேளாங்கண்ணிக்கு இரண்டு தடவை நடந்தே போனோம். போன மாதம் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் கூடிச் செபிக்கும் கூட்டம்) ஒருவர், "உங்களுக்கு விசுவாசம் பத்தல, அதான் ஆண்டவர் கேட்கல" என்றார். அம்மா அன்று சாப்பிடவே இல்லை. ரேஷன் கார்டில் இருந்து தம்பி பெயரை எடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னால் மட்டும் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. இன்னும் எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டே இருப்பது?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அன்பியத்தில் அந்த ஆள் சொன்னது தவறு. ஆறு வருடம் விடாமல் செபமாலை உருட்டுகிற கையைப் பார்த்து விசுவாசம் பத்தாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

"இன்னும் எத்தனை நாள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவே ஒரு செபம்தான். விவிலியத்தில் திருப்பாடல் 13-ஐ எடுத்துப் பாருங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டுக்குள் நான்கு தடவை இதே கேள்வி வருகிறது. கேட்டவரை ஆண்டவர் கோபித்துக்கொண்டதாக அங்கே எதுவும் இல்லை. கடைசியில் அவர் பாடுகிறார். நிலைமை மாறிவிட்டதா என்று பாட்டில் தெளிவாக இல்லை. ஆண்டவருடைய பேரன்பை நம்பினேன், அவர் எனக்கு நன்மை செய்திருக்கிறார் என்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் நிலம் தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தாலும் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாளாகும். அப்புறம் வெண்ணாறு, அதிலிருந்து பிரியும் ஆறுகள், வாய்க்கால்கள் என்று எத்தனையோ கை மாறித்தான் எங்களிடம் வரும். 2017-இல் அணையைத் திறந்ததே அக்டோபர் 2-ஆம் தேதி. எங்கள் அப்பா அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆவணியிலேயே காய்ந்த நிலத்தை உழுது புழுதியில் சம்பா நெல்லை விதைத்துவிட்டார்.

அந்த நாட்களில் காலையில் அவரோடு வயலுக்குப் போயிருக்கிறேன். பார்த்தால் வெறும் மண். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் புழுதியைக் கிளறி, ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்து நறுக்கென்று கடிப்பார். உள்ளே அரிசி வெள்ளையாக இருக்கும். "இருக்குது" என்பார். துப்பிவிட்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுவார். தினமும் இதே வேலை.

அந்த வருடம் ஒரு தூறலில் முளைத்தது கருகி, மறுபடி விதைத்தோம். அடுத்த வருடம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. ஆகவே கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் தம்பி எப்போது வருவான் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா இரண்டாம் தடவை விதைநெல் வாங்கக் கடன் கேட்டுப் போன அன்றும் சாயங்காலம் எங்களை உட்கார வைத்துச் செபம் சொன்னார். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. ஆண்டவர் உண்மையுள்ளவர் என்று நான் நம்புவது அந்தச் சாயங்காலத்தில் இருந்துதான். நாங்கள் கேட்ட தேதிக்கு அவர் வரவில்லை. எங்களை விட்டும் போகவில்லை.

இன்னொன்று. இயேசு சொன்ன ஊதாரி மகன் உவமையில், வீட்டை விட்டுப் போன மகன் திரும்பித் தொலைவில் வரும்போதே தகப்பன் கண்டுகொள்கிறார். அப்படியென்றால் அவர் கண் எப்போதும் தெருவிலேயே இருந்திருக்கிறது. பையனை ஆள் வைத்து இழுத்து வரவில்லை. மனது திரும்புவது தம்பி கையிலும் இருக்கிறது, தங்கச்சி. ஆண்டவர் அதைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார். செபத்துக்குப் பதில் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சண்டை அப்பாவோடு என்றால், அப்பாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லிப் பாருங்கள். போனை எடுக்கவில்லையா, பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அவர் குரலிலேயே போகட்டும். "சாப்பிட்டியா, மழை பெய்யுது, அம்மா நல்லாருக்கா" என்பது போதும். புத்தி சொல்ல வேண்டாம், பழசைக் கிளற வேண்டாம். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் அனுப்பட்டும்.

ரேஷன் கார்டு விஷயத்தில் நான் அம்மா கட்சி. பெயரை எடுக்காதீர்கள். இன்று இரவு செபமாலையில் உங்கள் தம்பிக்காக நானும் ஒரு பத்துமணி, அதாவது மாலையின் பத்து மணிகளுக்கான செபம், சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா