டெமோவில் ஓடும் ஏஐ, ஆபீஸில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: எங்கள் கம்பெனியில் ஏஐக்கென்று தனி டீம் போட்டு வருஷம் இரண்டாகப் போகிறது. டெமோ எல்லாம் பிரமாதம், ஆனால் ஒரு துறையில்கூட அன்றாட வேலைக்கு வந்து சேரவில்லை. டீமைக் கலைத்துவிட்டு ஆட்களை அந்தந்தத் துறைக்கே அனுப்பிவிடலாமா? – ஒரு வாசகி, கோவை

பதில்: கலைக்க வேண்டாம். அந்த டெமோ நடைமுறைக்கு வந்தால் யாருடைய வேலை மாறுமோ, அவர்களில் ஒருவராவது டீமில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில், ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் என்று பெரிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஐபிஎம் கம்பெனியின் வாட்சன் என்ற ஏஐயை வைத்து, மருத்துவர்களுக்குச் சிகிச்சை யோசனை சொல்லும் மென்பொருள் ஒன்றை அங்கே உருவாக்கினார்கள். 6 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் செலவாகியும், வழக்கமான சிகிச்சையில் பயன்பாட்டுக்கு வராமலே 2016-ல் வேலை நின்றுவிட்டது. அதை ஆராய்ந்த தணிக்கையாளர்கள், மென்பொருளின் திறனைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்லவில்லை என்று தெளிவாக எழுதிவிட்டு, அது நடத்தப்பட்ட விதத்தைத்தான் குறை சொன்னார்கள். ஐடி துறையின் ஒப்புதலே வாங்கவில்லை, வழக்கமான கொள்முதல் விதிகளுக்கு வெளியே வேலை போயிருக்கிறது. இதற்கு நடுவில் மருத்துவமனை நோயாளிப் பதிவேட்டு மென்பொருளையே மாற்றிவிட்டது, இந்தப் புதிய கருவியோ பழைய பதிவேட்டோடு மட்டும்தான் இணைந்திருந்தது. இதைப் படித்தபோது பணத்தைவிட, அதற்காக உழைத்த மருத்துவர்களின் நேரம்தான் எனக்கு உறுத்தியது.

ஆகவே டேட்டா, பாதுகாப்பு, வெளி நிறுவனங்களோடு ஒப்பந்தம் இதெல்லாம் உங்கள் தனி டீமிடமே இருக்கட்டும், ஒவ்வொரு துறையும் தனித்தனியாக வாங்க ஆரம்பித்தால் கணக்கே பிடிபடாது. ஆனால் எந்த வேலைக்கு ஏஐ, பலன் வந்ததா இல்லையா என்பதற்குத் துறைத் தலைவர்தான் பொறுப்பு ஏற்க வேண்டும், அவருடைய பட்ஜெட்டிலிருந்தும் கொஞ்சம் போக வேண்டும். தனி டீமுக்கு மேலிடத்தில் இடம் கொடுத்தவர்களும் உண்டு: அமெரிக்காவின் ஜேபி மார்கன் வங்கி 2023-ல் டேட்டாவுக்கும் ஏஐக்கும் பொறுப்பானவரைத் தலைமைக் குழுவிலேயே உட்காரவைத்தது. அடுத்த வருஷம் அவர்களுடைய சொந்த ஏஐ கருவி 2 லட்சம் ஊழியர்களுக்கு மேல் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: ஏஐ கமிட்டி என்று ஒன்று வைத்தார்கள், அதிலிருந்து எல்லாமே தாமதம். இது தேவையா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: தேவைதான். ஆனால் மீட்டிங் குறிப்பைச் சுருக்கித் தரும் கருவிக்கும், ஒருவருடைய கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் கருவிக்கும் ஒரே வரிசை, ஒரே படிவம் என்றால் தாமதம் ஆகத்தான் செய்யும். முதல் வகையைப் பொதுவான விதிகளோடு உடனே விட்டுவிடலாம், இரண்டாவதைச் சோதிக்காமல் விடவே கூடாது. அமெரிக்க வங்கிகளுக்கு அந்நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2011-லேயே ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது: கணிப்பு மாடலை உருவாக்கியவர்களைச் சாராதவர்கள் அதைச் சோதிக்க வேண்டும், அவர்களுக்கு விஷய ஞானமும் வேண்டும், சொன்னால் எடுபடுகிற அதிகாரமும் வேண்டும். சாட்பாட் காலத்துக்கு முன்பே எழுதியது, இன்றைக்கும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

பொறுப்பை எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர் கனடா வழக்கைப் பாருங்கள். அவர்களுடைய சாட்பாட், துக்க காரியத்துக்குப் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தப்பாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடியது, 2024-ல் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. உங்கள் கமிட்டியிடம், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் எதிரே ஒரு ஆளின் பெயர் எழுதிய பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: ஏஐ தலைவர் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கலாமா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: தாராளமாக. ஆனால் ஓடுகிற ஒரு கருவியை நிறுத்தும் அதிகாரத்தை வேலை நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.