சாவிக்கொத்து இப்போது யாரிடம்?

கேள்வி: வடசென்னையில் உள்ள ஓர் எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரியின் பழைய மாணவன் நான். எங்கள் உடற்கல்வி இயக்குநர் 18 வருடம் இருந்தவர். போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை வேறொருவர் விசில் ஊதுகிறார். செகரட்டரியோடு ஆகவில்லை, பண விஷயம், சாதி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, “இங்கே அத்லெட்டிக் டைரக்டர், அதாவது யுனிவர்சிட்டி விளையாட்டுத் துறைத் தலைவர், போனால் பேப்பரில் முதல் பக்கம்” என்கிறான். இங்கே மூச்சே இல்லை. அவரை உண்மையில் அனுப்பியது யார்? வழியனுப்பு விழா படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் தம்பி கணக்கை முடித்துவிடுகிறேன். அவர் சொல்வது சரிதான். 2025 அக்டோபர் கடைசியில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் கோச் பிரையன் கெல்லியை சீசன் நடுவிலேயே அனுப்பினார்கள். (அவர்கள் ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. வியாசர்பாடிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய பாக்கி மட்டும் 5 கோடி டாலருக்கு மேல். அவரைக் கொண்டுவந்தவர் அத்லெட்டிக் டைரக்டர் ஸ்காட் உட்வர்ட். அந்த மாநிலத்து ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி, அடுத்த கோச்சைத் தேர்ந்தெடுக்கப் போவது இவர் அல்ல என்று நிருபர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அவர்தான் முதலமைச்சர் மாதிரி. அந்த வாரமே உட்வர்ட் பதவியில் இல்லை. 2017-இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சுக்கு 10 வருடத்துக்கு ஏழரைக் கோடி டாலர் பேசி முடித்தவரும் இவரே. 2023-இல் அந்த கோச்சையும் பெருந்தொகை கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஏழரைக்கு எந்த ஊராக இருந்தால் என்ன?

அங்கே அரசியல் மைக் முன்னால் நடந்தது, அதனால் முதல் பக்கம். இங்கே அது ஸ்டோர் ரூமில் நடக்கிறது.

நம் பி.டி. சாரால் (உடற்கல்வி இயக்குநரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கோடியும் பேச முடியாது, கோச்சையும் நியமிக்க முடியாது. அவரிடம் இருப்பது ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும். அனுப்பியது யார் என்று கேட்கிறீர்கள். அந்தப் பேனா எதில் எல்லாம் கையெழுத்துப் போட்டது, கடைசியாக எதில் போட மறுத்தது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஓ.டி. லிஸ்ட்டில் போடுவார். ஆடப் போனதால் வகுப்புக்கு வராத பையன்களை ‘ஆன் டூட்டி’ என்று வந்த கணக்கில் சேர்க்கும் லிஸ்ட் அது. 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லாதவன் பரீட்சை எழுதுவானா மாட்டானா என்பது பல நேரம் அந்த லிஸ்ட்டில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டா அட்மிஷனில் போடுவார். ஜெர்சி, டிராக் சூட், பந்து வாங்கிய பில்லில் போடுவார். அந்த பில்லோடு மூன்று கொட்டேஷன் வைக்க வேண்டும். மூன்றும் ஒரே பிரிண்டரில் எடுத்ததாக இருக்கும், ஒரே இடத்தில் எழுத்துப் பிழை இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது டீம் லிஸ்ட். மத்திய அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃபார்ம் 3 என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழக அணிக்காக இன்டர் யுனிவர்சிட்டி ஆடியவர்களுக்கானது. அதில் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பில் இருக்கிறவர். ஆனால் பையன் அங்கே போய் நிற்பதற்கான முதல் படி, கல்லூரியிலிருந்து போகும் லிஸ்ட். அதன் கடைசிப் பெயர்தான் எப்போதும் பிரச்சினை. முதல் பத்துப் பெயரும் ஆடுகிறவர்கள் பெயர். கடைசிப் பெயர் யாரோ போன் பண்ணிச் சொன்ன பெயர்.

நம் வடசென்னைப் பக்கத்தில் அந்தக் கடைசிப் பெயருக்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே, ஐ.சி.எஃப்., ஹார்பர், கஸ்டம்ஸ், போலீஸ் என்று விளையாட்டு வழியாகச் சம்பளம் பார்த்த வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். பொறியியல் கலந்தாய்வில் 500 இடம். வியாசர்பாடி மண்ணில் பந்து உதைத்த தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்து லீக் வரை போனார்கள். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அதற்கப்புறம் என் தெருவில் மட்டும் நான்கு வீட்டில் புது கேரம் போர்டு. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பொய்ப் பெயர் லிஸ்ட்டில் ஏறினால், மீன் கூடை தூக்குகிற ஒருத்தியின் பையன் பெயர் இறங்குகிறது.

எனக்கே நடந்தது. 1984-இல் நான் கல்லூரி அணியின் மூன்றாவது கோல்கீப்பர். அதாவது பந்து பொறுக்குகிறவன். சரி, ஆனாலும் லிஸ்ட்டில் பெயர் இருந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் நோட்டீஸ் போர்டில் பார்த்தால், என் பெயர்மேல் கோடு போட்டு நிர்வாகத்தில் ஒருவருடைய அக்கா மகன் பெயர். அவன் பந்தைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறவன். பி.டி. சார் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். சுண்ணாம்புத் தூளும் ஈரத் தோலும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. முகத்தைப் பார்க்காமல் ஒரு ஜோடி பழைய ஸ்பைக்ஸை எடுத்துக் கையில் வைத்து, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா” என்றார். அடுத்த வருஷம் வரவில்லை. ஸ்பைக்ஸும் ஒரு சைஸ் சின்னது. அவர் வேலையில் இருந்தே ரிட்டயர் ஆனார், மாலையோடு. அதனால் போகிற பி.டி. சார் எல்லாம் தியாகி, இருக்கிறவர் எல்லாம் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் சாரும் 18 வருடத்தில் சில கடைசிப் பெயர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பார்.

அப்புறம் அந்த ‘சொந்தக் காரணங்கள்’. 1976-ஆம் வருடத்துத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, எய்டட் கல்லூரியில் ஓர் ஆசிரியரை அரசுக் கல்வித் துறையின் முன் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. சஸ்பெண்ட் செய்தாலும் இரண்டு மாதம், காரணம் எழுதி வைத்தால் இன்னும் இரண்டு மாதம், அவ்வளவுதான். (சிறுபான்மை நிறுவனங்களின் கணக்கு வேறு.) நீக்க வேண்டுமென்றால் குற்றச்சாட்டு எழுத வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், விசாரணையில் அவரும் வாய் திறப்பார். அந்த வாய்க்குத்தான் பயம். ஆகவே உட்காரவைத்து, காபி கொடுத்து, வெள்ளைத் தாள் கொடுப்பார்கள். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஊரில் நிலம் இருக்கிறது, எதையாவது எழுதிக்கொள்ளலாம். பணம் கையாடியிருந்தால் இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

சாதி என்கிறார்களே என்றால், சாதி பார்க்காத கமிட்டியை எனக்குக் காட்டுங்கள், வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன். ஆனால் நான் பார்த்தவரை ஆளை அனுப்புவது பணம், அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதில்தான் சாதி வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜூனில் கல்லூரி திறந்தால் ரூட்டு தல தகராறு, அதாவது ஒவ்வொரு பஸ், ரயில் ரூட்டு மாணவர் கோஷ்டிக்கும் தலைவன் யார் என்ற சண்டை. மீஞ்சூர் ரயிலில் வருகிற பையன்களுக்கும் பஸ்ஸில் வருகிற பையன்களுக்கும் மோதல் என்றால் கேட்டில் போய் நிற்பது யார்? பிரின்ஸிபால் அல்ல, பி.டி. சார். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பையனை அழைத்துவரப் போவதும் அவரே. விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க எடுத்த ஆளை வாட்ச்மேன் ஆக்கி, ஏதாவது ஆனால் அந்த வாட்ச்மேனையே காவு கொடுப்பது பல இடத்தில் வழக்கம். உங்கள் ஊரில் அந்த ஜூனில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டேன். அதனால் அந்தக் கதையை விடுங்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய படம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சால்வை, பழக்கூடை, செகரட்டரியின் சிரிப்பு. நடுவில் உங்கள் சார், தொளதொளத்த வெள்ளைச் சட்டையில். விசில் கயிற்றைக் கழற்ற மறந்திருக்கிறார், கழுத்தில் கிடக்கிறது, விசிலை மட்டும் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். நான் பார்க்கச் சொல்வது அவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலை. மைதானம் தெரிகிறது. கோல் போஸ்ட் இல்லை. அது இருக்க வேண்டிய வரிசையில் ஆறு இரும்புத் தூண் நட்டிருக்கிறது, கீழே பச்சை வலை சுருட்டிக் கிடக்கிறது.

டர்ஃப்! செயற்கைப் புல் மைதானம். மணிக்கணக்கில் வாடகை, ராத்திரி லைட் போட்டால் ரேட் கூட. ஐ.டி. கம்பெனிப் பையன்கள் பத்து மணிக்கு மேல் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். கல்லூரிப் பையன்கள் காலை ஆறு மணிக்கு வந்தால் கேட் பூட்டியிருக்கும். மைதானத்தை இப்படி வாடகைக்கு விட வேண்டுமென்றால், ‘மாணவர் பயிற்சிக்கு இடையூறு இல்லை’ என்று யாராவது எழுதித் தர வேண்டும். அது யார் எழுத வேண்டிய தாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை வந்தவருக்கு வருவோம். உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது ஓடவிட்டுப் பார்க்கச் சொல்கிறது 2018-ஆம் வருடத்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. 30 வயது வரை உள்ள ஆண் என்றால் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், 50 வயது வரை என்றால் 800 மீட்டர். வெள்ளி மதியத்துக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் எப்போது ஓடினார்? அப்படி எடுக்கவில்லை, கன்சாலிடேட்டட் பேயில், அதாவது தொகுப்பூதியத்தில், தற்காலிகம் என்பார்கள். விஷயமே அதுதான். நிரந்தர ஆள், “பயிற்சிக்கு இடையூறு இருக்கிறது” என்று எழுதிவிட்டுச் சம்பளம் வாங்கலாம். மாதாமாதம் செகரட்டரி முகத்தைப் பார்த்துக் காசு வாங்குகிறவர் எழுத மாட்டார். சாவிக்கொத்தும் கேட்டவர் கைக்கு வந்துவிடும்.

படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில், ‘நவீன விளையாட்டு வளாகம் அமைத்துத் தரும் நிர்வாகத்துக்கு நன்றி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கீழே பழைய மாணவர் சங்கம். உங்கள் சங்கம்தானே? பேனர் அடிக்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆள் போன பிறகு எனக்குக் கடிதம்.

இன்னும் கேட்கலாம். அரசுப் பணத்தில் பெரும்பகுதி நடக்கும் கல்வி நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத் தாள். மைதானத்தை வாடகைக்கு விடும் தீர்மானம் எந்தத் தேதி, இடையூறு இல்லை என்ற தாளில் கையெழுத்து யாருடையது, ராஜினாமா ஏற்ற தேதி என்ன? மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆனால் அந்த மனுவில், பெயர் வேண்டாம் என்று எழுத முடியாது.