பி.பி. மாத்திரையும் விடாத இருமலும்

கேள்வி: மாமியாருக்கு 61 வயது. பி.பி.க்கு ராமிப்ரில் ஆரம்பித்து ஒரு மாதத்தில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மெடிக்கலில் இரண்டு டானிக் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. மாத்திரைதான் காரணம், நிறுத்திவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நிறுத்தலாமா டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த அக்கா சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டாவது பாதிதான் ஆபத்து. ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடிகிற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த வறட்டு இருமல் வரும், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிற ஒரு நொதியை இந்த மாத்திரை தடுக்கிறது. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கிற வேலையும் அதே நொதியுடையதுதான், அதனால் பிராடிகைனின் சேர்ந்துபோய் மூச்சுக்குழாயை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டானிக் எத்தனை பாட்டில் குடித்தாலும் இது போகாது. சில இருமல், சளி மருந்துகளில் பி.பி.யை ஏற்றிவிடும் ஃபினைலெஃப்ரின் வேறு இருக்கிறது!

நீங்களாக நிறுத்தினால் பி.பி. சத்தமில்லாமல் ஏறும், அது ஏறுவது மாமியாருக்கே தெரியாது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே போய், எந்தத் தேதியில் மாத்திரை ஆரம்பித்தது, இருமல் எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் மாதிரி ஒன்றுக்கு மாற்றுவார். மாற்றிய மறுநாளே இருமல் நின்றுவிடாது, ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் இழுக்கும்.

ஆனால் பழியை மாத்திரை மேலேயே போட்டுவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நம் ஊரில் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. படுத்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் கதையே வேறு. அடுத்த மாத்திரை வேண்டாம், டாக்டர் எப்போது வருவார் என்று காத்திருக்கவும் வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இது அபூர்வம்தான், ஆனால் மாத்திரை ஆரம்பித்துப் பல மாதம் கழித்தும் வரலாம்.

அப்புறம், மூட்டு வலிக்கு என்று டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். அது பி.பி.யை ஏற்றும், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகிறது, பிறகு எதைச் சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரிவதில்லை. அட்டையோடு வாங்கி, டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையைக் காலை காபியோடு போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், தேனி

பதில்: கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இத்தனை நாள் காபியோடுதான் போட்டீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற அளவைத்தான் அவர் கொடுத்திருப்பார். இப்போது பழக்கத்தை மாற்றினால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பரிசோதனை ஒன்று செய்துபார்க்க வேண்டியிருக்கும்.