மாத்சாவின் துளைகள்

கேள்வி: பெரிய வியாழனன்று எங்கள் சபையில் யூத முறைப்படி பஸ்கா விருந்து (எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை விருந்து) நடத்தினார்கள். அதில் உண்ணும் புளிப்பில்லாத மாத்சா அப்பத்தின் கோடுகள் இயேசுவின் தழும்புகளையும், துளைகள் ஆணிக் காயங்களையும் குறிப்பதாகப் போதகர் விளக்கினார். சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தின் யூத வேர் இதுதானா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. மாவு உப்பிவிடக் கூடாது என்பதற்காகக் குத்தப்படும் துளைகள் அவை. இன்று நாம் காணும் வரிசை பிசகாத கோடுகள் 19ஆம் நூற்றாண்டில் வந்த இயந்திரங்களின் உபயம். யேமன் யூதர்கள் சுடும் மாத்சா இன்றும் சப்பாத்தியைப் போல மெத்தென்றுதான் இருக்கிறது. இன்றைய பஸ்கா விருந்தின் ஒழுங்கும் பெரும்பாலும் கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டு, ஆட்டுக்குட்டிப் பலி நின்றுபோன பின் உருப்பெற்றதே. அது போதாதென்று, கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதானா என்பதிலேயே சுவிசேஷங்கள் ஒத்துப்போவதில்லை: முதல் மூன்றும் ஆம் என்கின்றன, யோவானோ, இயேசு சிலுவையில் மரித்ததே பஸ்காவின் ஆயத்தநாளில்தான், அதாவது பஸ்கா விருந்துக்கு முன்பே என்கிறார்.

வேர் உண்டு, அதைத் தேட உருப்பெருக்கிக் கண்ணாடி தேவையில்லை. அப்பத்தை எடுத்து, பூமியிலிருந்து ஆகாரத்தை விளைவிக்கிற தேவனைத் துதித்து, பிட்டுக் கொடுப்பது யூத வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். (துதி தேவனுக்கு, அப்பத்துக்கு அல்ல.) பவுல் கொரிந்தியருக்கு எழுதும் ‘ஆசீர்வாதத்தின் பாத்திரம்’ என்பதும், சாப்பிட்டு முடித்தபின் நன்றி சொல்லி உயர்த்தும் கிண்ணத்துக்கு யூதர்கள் வழங்கிய பெயரே. எகிப்தை விட்டு வந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கர்த்தர் ‘எனக்கு’ச் செய்தார் என்று சொல்லும்படி யாத்திராகமம் 13ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. எத்தனையோ தலைமுறை கழித்துப் பிறந்தவனும் ‘முன்னோருக்கு’ என்னாமல் ‘எனக்கு’ என்றே சொல்கிறான். ‘என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்’ என்ற கட்டளையை இந்தச் செவியோடு கேட்டால், நினைவுகூருதல் வெறும் ஞாபகார்த்தமாக நின்றுவிடாது.

ஆனால் பாத்திரத்தைக் குறித்து ‘இது உடன்படிக்கைக்குரிய என் இரத்தம்’ என்று இயேசு சொன்னது அத்தனை எளிதாக யூத மரபுக்குள் அடங்குவதில்லை. சீனாய் மலையடியில் மோசே உடன்படிக்கையின் இரத்தத்தை ஜனங்கள்மேல் தெளித்தான், குடிக்கக் கொடுக்கவில்லை. எந்த மாம்சத்தின் இரத்தத்தையும் புசிக்கலாகாது என்று லேவியராகமம் 17ஆம் அதிகாரம் கண்டிப்பாக விலக்குகிறது. அந்தப் பிரமாணத்தில் வளர்ந்தவர்களிடம், திராட்சரசத்தை நீட்டி ‘இது என் இரத்தம்’ என்றால் எப்படி இருந்திருக்கும்? யோவான் 6ஆம் அதிகாரத்தில், இதற்கு நிகரான வார்த்தையைக் கேட்ட சீஷர்களில் அநேகர் ‘இது கடினமான உபதேசம்’ என்று முறுமுறுத்து விலகிப் போனார்கள். உங்கள் போதகர் அன்று மாலை பேசியிருக்க வேண்டியது இதைப் பற்றி.