60 சதவீத எடையில் ஓடினால் எலும்புக்கும் 60 சதவீதம்தானா?

கேள்வி: வயது 34, எடை 72 கிலோ. நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் வலது கால் முன்னெலும்பின் உட்பக்க ஓரத்தில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் நுண்விரிசல்) வந்தது. எட்டு வாரம் ஆகிவிட்டது, நடக்கும்போது வலியில்லை. நான் போகும் பிசியோதெரபி மையத்தில் காற்றுப்பை வைத்த ஆன்டி கிராவிட்டி டிரெட்மில் இருக்கிறது. உடல் எடையில் எத்தனை சதவீதத்தில் தொடங்கலாம், எப்படி ஏற்றிக்கொண்டு போவது? ஹார்னெஸ் (உடலைச் சுற்றும் பட்டைகள்) கட்டித் தூக்கும் டிரெட்மில் போதாதா?

பதில்: தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். சமதளத்தில் 30 நிமிடம் தொடர்ந்து வேகமாக நடந்தும் வலி வரக்கூடாது. முறிவு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அந்தப் புள்ளி வலிக்கக்கூடாது. முறிவு உட்பக்க ஓரத்தில் என்கிறீர்கள். அது பொதுவாக நன்றாகச் சேரும் இடம். எலும்பின் முன்முகட்டில் வந்திருந்தால் கதை வேறு. அங்கே சேருவது மந்தம், முழு முறிவாகும் அபாயமும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மருத்துவர் படம் பார்த்துச் சம்மதித்த பிறகே இந்த இயந்திரத்தில் ஏற வேண்டும்.

இந்த முறை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பிறந்தது. எடையற்ற விண்வெளியில் ஓடும் வீரரைக் காற்றழுத்தத்தால் டிரெட்மில்லின் ஓடுபட்டையோடு அழுத்திப் பிடிப்பது எப்படி என்ற யோசனைதான் ஆரம்பம்; பூமியில் அதையே தலைகீழாக்கி, மேலே தூக்கப் பயன்படுத்துகிறார்கள். இடுப்புக்குக் கீழே பைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட நூற்றில் இரண்டு மூன்று பங்கு கூடினாலே, உங்கள் எடையில் 29 கிலோவைத் தூக்கிவிடும். தூக்கும் விசை இடுப்பின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு முறையும் அளவுதிருத்தம் (இயந்திரம் உங்கள் எடையைப் படித்துத் தன் கணக்கைச் சரிசெய்துகொள்வது) தேவை.

பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. பையோடு ஜிப்பால் இணைக்கும் கால்சட்டை தளர்வாக இருந்தால் காற்று கசியும். உஸ்ஸென்ற சத்தம் கேட்டால் ஒரு அளவு சிறியதைக் கேளுங்கள். இடுப்புச் சட்டம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில், இருபக்கமும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். அளவுதிருத்தத்தின்போது கைப்பிடியைத் தொடாமல், கைகளை மார்பில் கட்டி நேராக நில்லுங்கள். கைப்பிடியில் சாய்ந்து நின்றால் இயந்திரம் எடையைக் குறைவாகப் படிக்கும். பிறகு திரையில் வரும் சதவீதம் முழுக்கத் தப்பு. சட்டத்தின் உயரத்தை நடுவில் மாற்றினால் திரும்பவும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். கால்சட்டை அளவு, சட்ட எண் இரண்டையும் குறித்து வையுங்கள். இல்லையென்றால் போன வாரத்து 65க்கும் இந்த வாரத்து 65க்கும் சம்பந்தமே இருக்காது.

இனி தலைப்புக் கேள்வி. 60 சதவீதத்தில் அசையாமல் நின்றால் கால்கள் தாங்குவது 43 கிலோ. ஓட ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு உடைகிறது. முன்னெலும்பை நசுக்கும் விசையில் பெரும்பங்கு தரையிலிருந்து வருவதல்ல, கெண்டைச் சதையின் இழுப்பிலிருந்து வருவது. காற்று உடலைத் தூக்குகிறதே தவிர, கெண்டைச் சதைக்கு அதே விகிதத்தில் ஓய்வு தருவதில்லை. எடை குறைந்தவர் இயல்பாகவே துள்ளி, அதிக நேரம் காற்றில் மிதந்து, விரல்பக்கமாகத் தரையிறங்குவார். அது கெண்டைச் சதையின் வேலையைக் கூட்டும். இதற்கு மருந்து எளிது. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். தரையில் 168 என்றால் இங்கும் 165க்குக் கீழே விடாதீர்கள். சீரான இடைவெளியில் டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோமுக்கு ஏற்ப ஓடினால் இன்னும் சுலபம்.

இரண்டாவது பொறி வேகம். எடை குறைந்தால் மூச்சு வாங்காது, இதயத்துடிப்பும் ஏறாது. "இது பயிற்சியே இல்லையே" என்று கை தானாக வேகப் பொத்தானுக்குப் போகும். காற்று எடுத்துக்கொண்ட சுமையை வேகம் திருப்பிக் கொடுத்துவிடும். மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை வேண்டுமென்றால் இறங்கிய பிறகு சைக்கிளில் 20 நிமிடம் மிதியுங்கள். எலும்பு தேறும்வரை டிரெட்மில்லில் வேகத்தைத் தொடவேண்டாம். சரிவும் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். ஏற்றம் கெண்டைச் சதையை இன்னும் இழுக்கும்.

தொடக்கம் 60 சதவீதம். 5 நிமிடம் நடை, பிறகு மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. இப்படிப் பத்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று அமர்வு. அடுத்தடுத்த அமர்வுகளில் 2 நிமிட ஓட்டம், 4 நிமிட ஓட்டம், இடைவிடாத 20 நிமிடம், 30 நிமிடம் என்று நேரத்தை மட்டும் நீட்டுங்கள். 30 நிமிடம் வந்தபின் நேரத்தை அப்படியே நிறுத்தி, எடையை 5 சதவீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு அமர்வு. தடங்கல் இல்லாவிட்டால் 85 சதவீதத்தை எட்ட ஐந்து வாரம் ஆகும். ஒரே நாளில் எடையையும் நேரத்தையும் சேர்த்து ஏற்றினால், வலி வரும்போது எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

மூட்டுத் தேய்மானத்தில் லேசான வலியோடு ஓரளவு தொடரலாம். எலும்பில் அந்தச் சலுகை கிடையாது. புள்ளிபோல ஓரிடத்தில் வலி தெரிந்தால் அன்றைய அமர்வு அத்தோடு முடிந்தது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும் முன் அதே இடத்தை அழுத்திப் பாருங்கள். வலித்தால் இரண்டு நாள் ஓய்வு, பிறகு 10 சதவீதம் இறக்கித் தொடங்குங்கள். இரண்டாம் முறையும் அப்படியே ஆனால், அல்லது இரவில் வலித்தால், மருத்துவரிடம் போக வேண்டும். கால் ரத்தநாளத்தில் ரத்த உறைவு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம், ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பைக்குள் இறங்கக்கூடாது.

ஹார்னெஸ் உங்களுக்குச் சரிவராது. அது தொடையிடுக்கிலும் மார்பிலும் பிடித்துத் தூக்குவதால் 30, 40 சதவீதத்துக்கு மேல் தூக்கினால் பட்டை வெட்டும், குதிகாலும் தரையில் படியாது. மெதுநடைப் பயிற்சிக்கே அது உகந்தது. விழாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் பெரிய பலன். பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுபவர்களுக்குக்கூட அது மாயமந்திரம் அல்ல. 408 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்த பயிற்சியை அது மிஞ்சவில்லை.

85 சதவீதத்தில் இரண்டு அமர்வு வலியின்றி முடிந்ததும், வலது காலில் மட்டும் நின்று 20 முறை குதிகாலை உயர்த்திப் பாருங்கள். பிறகு அதே காலில் 10 முறை நொண்டியடித்துப் பாருங்கள். இரண்டிலும் வலியில்லையென்றால் வாரத்து மூன்று அமர்வில் ஒன்றைத் தரைக்கு மாற்றலாம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு முறை. மீதி இரண்டையும் இயந்திரத்தில் 90 சதவீதத்தில் வைத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொன்றையும் தரைக்குக் கொண்டுவாருங்கள்.