முதல் ரிவால்வர் வாங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி சுடப் பழகும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநிலத்தின் இன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி: அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். சிட்டிசனான நண்பர் ஒருவர் தன் பேரில் ரிவால்வர் வாங்கித் தருகிறேன் என்கிறார். சரிவருமா?

வேண்டவே வேண்டாம், தம்பி. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே தற்காலிக விசாக்கள். அவற்றில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இறங்கும் முன் இந்தச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் பேசுங்கள்.

நண்பர் சொல்கிற வழி அதைவிட மோசம். கடையில் நிரப்புகிற 4473 படிவத்திலேயே, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி இருக்கிறது. உங்களுக்காக வாங்கிவிட்டு அவர் 'ஆம்' என்று எழுதினால் அது குற்றம். இன்னொருவருக்காக இப்படி வாங்குவதற்கு 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உங்கள் விசாவும் கிரீன் கார்டு கனவும் அதோடு போய்விடும். கிரீன் கார்டு கையில் வரட்டும், அப்புறம் வாங்கலாம்.

கிரீன் கார்டு இருந்தாலும், கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, 10 நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் மாநில பெர்மிட் கிடையாது, பின்னணிச் சோதனை மட்டும்தான்.

டாலஸ்: நானும் மனைவியும் பழகப் போகிறோம். அவருக்கும் தோதாக இருக்கட்டும் என்று சின்னதாக, எடை குறைந்ததாகப் பார்த்து வைத்திருக்கிறோம். எது நல்லது?

முதல் ரிவால்வருக்குச் சின்னது வேண்டாம். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அதிலும் பெண்களுக்கென்று கடைக்காரர் எடுத்து வைப்பது அநேகமாகக் குட்டி ரிவால்வராகவே இருக்கும்.

ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற குட்டி ரிவால்வர் சுமார் 420 கிராம். 4 அங்குல பேரல் (குழல்) உள்ள ரூகர் ஜிபி100 ஏறக்குறைய 1.1 கிலோ. ஒரே தோட்டாவை இரண்டிலும் போட்டுச் சுட்டால், எடை குறைந்தது கையை நன்றாக உதைக்கும். நாலு தடவை உதை வாங்கினால், அடுத்த தடவை டிரிகரை இழுக்கும் முன்பே கை தானாகச் சுருங்கும், கண் மூடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைப் போக்க மாதக்கணக்காகும். போதாததற்கு, பேரல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பதும் கடினம். குட்டி ரிவால்வர் கைதேர்ந்தவருக்கானது.

என் யோசனை: 4 அங்குல பேரல் உள்ள .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்குங்கள், அதில் .38 ஸ்பெஷல் தோட்டா போட்டுப் பழகுங்கள். இரண்டு தோட்டாவுக்கும் குறுக்களவு ஒன்றே. மேக்னத்தின் கூடு (தோட்டாவின் உலோக உறை) .38-இன் கூட்டைவிட 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், அழுத்தமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் .357 ரிவால்வரில் .38 போடலாம், .38 ரிவால்வரில் .357 கூடவே கூடாது. ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸன் 686 இரண்டுமே நம்பி வாங்கக்கூடியவை. மனைவியின் விரல் நுனி டிரிகரை வசதியாக எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸனின் சற்றுச் சிறிய மாடல் 66-ஐப் பிடித்துப் பார்க்கட்டும். வாங்கும் முன் ரேஞ்சில் (சுடப் பழகும் இடத்தில்) வாடகைக்கு எடுத்து இருவரும் ஆளுக்கு ஒரு பெட்டி தோட்டா சுட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன்: பழைய ரிவால்வர் மலிவாக வருகிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி. பழையதை வாங்குவதில் தப்பே இல்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். சிலிண்டரை (தோட்டா போடும் அறைகள் உள்ள உருளையை) திறந்து, எல்லா அறையும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

பிறகு மூடி, சிலிண்டர் மேல் விரலை லேசாகத் தடையாக வைத்துக்கொண்டு ஹேமரை (பின்பக்கம் உள்ள சுத்தியலை) மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இதைச் செய்து பாருங்கள். ஒன்றில் பூட்டாவிட்டாலும் ரிப்பேர் செலவு காத்திருக்கிறது. ஹேமர் பின்னால் நிற்கும்போது கட்டை விரலால் முன்னால் தள்ளினால், அது நழுவி விழக் கூடாது.

அடுத்து டிரிகரை இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை அசையுங்கள். பக்கவாட்டில் துளி அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் கடகடவென்று ஆடினால் தேய்மானம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இருந்தால் சரி. கடைசியாக, பேரலின் பின்வாயில் கீழ்ப்பக்கம் மயிரிழை விரிசல் ஏதும் தெரிகிறதா? தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். திருகுகளின் தலை சிதைந்திருந்தால், கைவராத யாரோ உள்ளே திறந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஃப்ரீமாண்ட்: புது ரிவால்வர்தான் சார். அரைப் பெட்டி சுட்டதும் சிலிண்டர் இறுகி, டிரிகர் கனத்துப் போகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, அழுக்கு. காலிக் கூடுகளைத் தூக்கித் தள்ளுகிற நட்சத்திர வடிவத் தகடு இருக்கிறதே, அதன் அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்றிரண்டு மாட்டினாலே போதும், தகடு சரியாக உட்காராது, சிலிண்டர் உரசும். சிலிண்டரைத் திறந்து, அதன் முன்னால் நீட்டியிருக்கும் தண்டை அழுத்தித் தகட்டைத் தூக்கி, பழைய பல்துலக்கியால் அடியில் நன்றாகத் துலக்குங்கள். அங்கே எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் இருந்தால் துகள் ஒட்டிக்கொள்ளும். கூடுகளைத் தள்ளும்போது பேரல் வானத்தைப் பார்க்கட்டும். துகள்கள் தகட்டின் அடியில் போகாமல் கூட்டோடு கீழே விழும். அந்தத் தண்டே சுழன்று தளர்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும், அதையும் முறுக்கிப் பாருங்கள்.

.38 நிறையச் சுட்டால் அறைகளுக்குள் கரி வளையமாகப் படியும். பித்தளை பிரஷ்ஷும் சால்வன்ட்டும் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு .357 உள்ளே போக மறுக்கும். உள் பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டை மட்டும் நெம்பாதீர்கள், அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. சினிமாவில் வருகிற மாதிரி சிலிண்டரை உதறி மூடாதீர்கள், சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவுங்கள். கையில் ஈயம் இருக்கும்.

அட்லாண்டா: சுடும்போது ஒரு தடவை சத்தம் 'புஸ்' என்று வந்தது. அடுத்ததைச் சுடலாமா?

கூடாது! குண்டு பேரலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்த குண்டு பின்னால் போய் மோதினால் பேரல் வெடிக்கும். துப்பாக்கியை இலக்கு நோக்கியே பிடித்துக்கொண்டு அரை நிமிடமாவது பொறுங்கள். பிறகு இறக்கி, பேரலைப் பார்க்கச் சொல்லி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

சான் ஹோசே: வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூன்று வாரம் ஊருக்கும் போகிறோம். எப்படி வைப்பது?

ஊருக்குப் போகாவிட்டாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும், அக்கா. அலமாரியின் மேல்தட்டும் துணிக்கு அடியும் ஒளிவிடம் ஆகாது, பிள்ளைகள் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார்கள். சுவரிலோ தரையிலோ திருகி முடுக்கிய இரும்புப் பெட்டி வாங்குங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள். பெட்டியின் எண் பிள்ளைகளின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டும் போகாதீர்கள்.

கிளம்பும் முன் நன்றாகத் துடைத்து, பேரலுக்குள்ளும் வெளியிலும் மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். தோல் உறையில் போட்டு வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். வெறுமனே, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். திரும்பி வந்து முதல் தடவை சுடும் முன் பேரலுக்குள் காய்ந்த துணியை ஒருமுறை விட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள்.