கால் இரத்த ஓட்டத்துக்கு மெஷின் வாங்கலாமா?

வயது 62. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தாலே ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. பாதத்தை வைத்தால் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் மெஷினை மகன் அனுப்பியிருக்கிறான். பயன்படுத்தலாமா?

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. நடந்தால் வலி, நின்றால் நிம்மதி என்றால் காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த மெஷின் தசையைச் சுருங்கி விரிய வைக்கும். ஆனால் அடைப்பைத் திறக்காது.

பரிசோதனை எளிதுதான். படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்ப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தால் எண் 1.4-ஐத் தாண்டிவிடும். அதைப் பார்த்து 'நல்ல ஓட்டம்' என்று திரும்பிவிடாதீர்கள், கால் கட்டைவிரலிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

அடைப்பு உறுதியானால், மருந்துகளோடு நடைதான் முக்கியமான சிகிச்சை. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தாலோ, விரலில் புண் ஆறாமல் கறுத்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் சூடு தரும் மசாஜர் பக்கமே போகக் கூடாது. கொப்புளம் போட்டாலும் தெரியாது.

ஜவுளிக்கடையில் வேலை. நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கிறது. காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ் போட்டால் போய்விடுமா?

போகாது அம்மா. ஆனால் வீக்கமும் கனமும் நன்றாகக் குறையும். இது மேலே சொன்னதற்கு நேர் எதிரான கோளாறு. இங்கே காலிலிருந்து மேலே திரும்ப வேண்டிய இரத்தம், நீங்கள் நரம்பு என்று சொல்லும் சிரைகளில் தேங்குகிறது. அதனால்தான் அழுத்தம் உதவுகிறது. இதே ஸ்டாக்கிங்ஸ், தமனி கடுமையாக அடைத்த காலுக்குக் கேடு. அதனால் வாங்கும் முன் பாதத்தில் நாடித்துடிப்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்கும். காலையில், வீக்கம் ஏறும் முன் கணுக்காலையும் ஆடுசதையையும் டேப்பால் அளந்து வாங்க வேண்டும். காலையில் எழுந்ததும் போட்டு, இரவில் கழற்றுங்கள். குதிகால் வரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பாதத்தை நுழைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மேலே தடவி ஏற்றினால் சுலபம். மேல் விளிம்பை மட்டும் மடித்துவிடாதீர்கள். மடிப்பு கயிறு போலக் கட்டி இரத்தத்தைத் தடுத்துவிடும். தினமும் போட்டால் ஏறக்குறைய 6 மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. உட்காரக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அம்மாவின் இடுப்பு அறுவைக்குப் பின் மருத்துவமனையில் காலில் காற்றடிக்கும் உறை மாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. அதே மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா?

கூடாது. அந்த உறை இரத்தம் உறையாமல் தடுப்பதற்கு. ஒரு கால் மட்டும் வீங்கினால் இரத்தக் கட்டி ஏற்கெனவே உண்டாகியிருக்கலாம், அதை அமுக்கினால் நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. காலைத் தேய்க்கவும் வேண்டாம். இன்றே டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். மின்தூண்டல் மெஷின்?

வேண்டாம்.

இரண்டு பாதமும் மாலையில் வீங்குகிறது. எந்தக் கருவி நல்லது?

கருவிக்கு முன் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு இப்படி வீங்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தோ வேறு மாத்திரை மாற்றியோ தருவார். அது காரணமில்லை என்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.